பன்னிரண்டாவது மஞ்சள் தொப்பி

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குத் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்கள் வேனில் ஏறியவர்கள் பதினொரு பேர். மூன்று முறை எண்ணிவிட்டு, தாளின் முதல் கட்டத்தில் மைப்பேனாவால் பதினொன்று என்று எழுதினேன். அன்று முழுவதும் நான் எழுதியவற்றில் கேள்விக்கு இடமில்லாதவை அந்த எண்ணும் அதற்கு அடுத்த எண்ணும்தான்.

என் பெயர் பிரிஸில்லா. பகலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை பாளையங்கோட்டையில் சுற்றுலா வழிகாட்டிப் பயிற்சி வகுப்பு. ஆறு மாத வகுப்பின் கடைசிப் பாடம், உண்மையான பயணிகளை ஒரு நாள் அழைத்துப் போய்த் திரும்புவது. அதை நாட்குறிப்பாகவும் எழுதித் தர வேண்டும். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

பயணிகளையும் வேனையும் தந்தவர் தேவசிகாமணி அண்ணாச்சி. சிறிய சுற்றுலாக் கம்பெனி வைத்திருக்கிறார். காலையில் விக்கிரமசிங்கபுரம் பக்கம் மலையடிவாரத்தில் நடை, அப்புறம் பாறைக்கு அடியில் ஒரு நிலவறை, மதியச் சாப்பாடு, கடைசியாக ஆதிச்சநல்லூரில் மண்ணுக்குள் இருக்கும் முதுமக்கள் தாழிகள். இதுதான் அவருடைய ஒருநாள் பயணம். அவரிடம் ஒரே ஒரு வழிகாட்டி வேலை காலியாக இருந்தது. வகுப்பிலிருந்து இரண்டு பேரை வரச் சொல்லியிருந்தார். நானும் அப்ராரும்.

அப்ரார் மேலப்பாளையத்துப் பையன். குறிப்பே இல்லாமல் ஒரு மணி நேரம் பேசுவான். நான் குறிப்பில் இருக்கும் காற்புள்ளியைக்கூட மூச்சுவிடும் இடமாகப் படிப்பவள். வகுப்பில் எனக்கு அவன் வைத்த பெயர் கணக்குப்பிள்ளை.

அண்ணாச்சி எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தார். அதில் ஐந்து கட்டங்கள். வேன் ஏறும்போது, மலை மேல், நிலவறையை விட்டு வெளியே வந்ததும், சாப்பாட்டின்போது, ஆதிச்சநல்லூரை விட்டுக் கிளம்பும்போது என்று ஐந்து இடங்களில் தலை எண்ணி எழுத வேண்டும்.

"போன வருசம் ஒருத்தன் மலையில ஒரு ஆள விட்டுட்டு வந்துட்டான்" என்றார். "வேற யாரா இருந்தாலும் தாங்கியிருப்பேன். வக்கீலு. இன்னைக்கு வரைக்கும் நோட்டீசு வருது. அதனால பேச்சு எனக்கு ரெண்டாம்பட்சம், எண்ணிக்கைதான் மொதல்ல. அடிச்சு எழுதின தாளு எனக்கு வேண்டாம். சுத்தமா எழுதின தாளுக்குத்தான் வேலை."

அப்ராரின் வேன் பன்னிரண்டு பேரோடு ஐந்து மணிக்கே போய்விட்டது. அதே வழி, எங்களுக்கு முக்கால் மணி நேரம் முன்னால்.

என் பதினொரு பேரும் இரண்டு கூட்டம். ஆறு பேர் பாளையங்கோட்டைப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். அவர்களுக்குத் தலைமை சாலோமி டீச்சர். முப்பத்து நான்கு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். மற்ற ஐந்து பேர் நாங்குநேரியில் உரக்கடை வைத்திருக்கும் ஞானசம்பந்தன் அண்ணாச்சியின் குடும்பம். எல்லோருக்கும் கம்பெனியின் மஞ்சள் தொப்பி கொடுத்தேன். பதினொரு தொப்பி. அந்த மஞ்சள், கண்ணை மூடினாலும் தெரியும் மஞ்சள்.

மலை ஏறும்போது தவறு ஒன்றும் நடக்கவில்லை. காட்டு எல்லைக்கு இந்தப் பக்கமே ஒரு குன்று இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஏறினால் மேலே தட்டைப்பாறை. அங்கே நின்றால் தாமிரபரணி வயல்களுக்கு நடுவே வளைந்து போவதும், தூரத்தில் நூல் மில்லின் கூரைகளும் தெரியும். சாலோமி டீச்சர் எனக்கு முன்னால் ஏறி முடித்துவிட்டு, மேலே நின்று எனக்குக் கை கொடுத்தார். எண்ணினேன். பதினொன்று. இரண்டாவது கட்டம் முடிந்தது.

நிலவறை அந்தக் குன்றின் மறுபக்கம். கருத்தப்பாறை என்பார்கள். பாறைக்கு அடியில் முப்பத்திரண்டு படிகள் இறங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் இறங்க முடியும். கீழே ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அறைகள். உள்ளே விளக்குக் கிடையாது. எல்லோர் கையிலும் டார்ச் கொடுத்து இறக்கினேன்.

மூன்றாவது அறையில் நின்று என் குறிப்பைப் படித்தேன். "இது பாளையக்காரர் காலத்தது என்று சொல்வார்கள். இங்கே நெல் வைத்தார்களா, வெடிமருந்து வைத்தார்களா என்பது உறுதியாகத் தெரியவில்லை."

"தெரியாததச் சொல்லவா இவ்வளவு ஆழத்துக்கு இறக்குன?" என்று ஞானசம்பந்தன் அண்ணாச்சி கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்ராராக இருந்தால் இந்த இடத்தில் ஒரு இளவரசியையும் இரண்டு குதிரைகளையும் இறக்கியிருப்பான். எனக்குக் குதிரை வரவில்லை.

அப்போது பின்னாலிருந்து, இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "நெல்லுதான்."

எல்லா டார்ச்சும் திரும்பின. கல்மேடை ஓரமாக மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர் நின்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மழித்த முகம், கால்சட்டை, வெள்ளை ஷூ.

"தரையப் பாருங்க. ஒரு முழம் ஒசத்திக் கட்டியிருக்கு. கீழ காத்து போறதுக்கு வழி விட்டிருக்கு. ஈரம் ஏறக் கூடாதுன்னு செஞ்ச வேல. மருந்து வைக்கிறவன் மூணு அறையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா வச்சிக் கட்டமாட்டான், ஒண்ணு வெடிச்சா மூணும் போயிரும். இது கிடங்கு கட்டத் தெரிஞ்சவன் கட்டுனது."

எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. உரக்கடைக்காரர் தம்பி போலிருக்கிறது, மூட்டை அடுக்கத் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் அவர் முகத்தைப் பார்த்த நினைவு வரவில்லை. ஆனால் எனக்கு முகங்கள் எப்போதுமே தாமதமாகத்தான் நினைவில் நிற்கும். ஜெராக்ஸ் கடையில் ஆதார் அட்டையைப் பார்த்துத்தான் வாடிக்கையாளரை அடையாளம் கண்டுபிடிப்பேன்.

படியேறி முதலில் வெளியே வந்து வாசலில் நின்றேன். ஒவ்வொரு தொப்பியாக வெளியே வந்தது. எண்ணினேன்.

பன்னிரண்டு.

மரத்தடியில் எல்லோரையும் நிறுத்தி மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு. மூன்றாவது முறை பதினொன்று வந்தது. மனசு நிறைந்துபோனது. அப்புறம் சாலோமி டீச்சர் மரத்துக்குப் பின்னாலிருந்து தண்ணீர் பாட்டிலோடு வந்தார். பன்னிரண்டு.

ஆள் குறைந்தால் என்ன செய்வது என்று வகுப்பில் இரண்டு நாள் பாடம் நடந்திருக்கிறது. விசில் ஊத வேண்டும், வந்த வழியே திரும்பிப் போக வேண்டும், காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். ஆள் கூடினால்? எதைத் தேடுவது? யாரைக் கூப்பிட்டு என்ன புகார் கொடுப்பது? இந்தப் பதினொரு பேரில் ஒருவர் இரண்டாகிவிட்டார் என்றா?

பத்தாம் வகுப்பில் கூட்டலில் தவறு செய்து நான்கு மதிப்பெண் இழந்தவள் நான். உலகம் தவறாக இருக்கிறது என்பதைவிட நான் தவறாக எண்ணுகிறேன் என்பதே நம்பும்படியாக இருந்தது. மூன்றாவது கட்டத்தில் பதினொன்று என்று எழுதினேன்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சந்தேகமும் போய்விட்டது. பொட்டலங்கள் மொத்தம் பன்னிரண்டு. பதினொன்று அவர்களுக்கு, ஒன்று எனக்கு. டிரைவர் பெருமாள்ராஜ் அண்ணன் வீட்டிலிருந்தே தூக்குவாளி கொண்டுவந்துவிடுவார். வாய்க்கால் கரையில் மாமரத்தடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் கொடுத்துக்கொண்டே வந்தேன். கடைசி ஆளின் கையில் பொட்டலத்தை வைத்தபோது பையில் எதுவும் மிச்சமில்லை.

யாரோ ஒருவர் கூடுதல். இது இப்போது புளியோதரையால் நிரூபிக்கப்பட்டுவிட்டது.

ஆனால் எப்படிக் கேட்பது? நம் ஊர்க் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவரைப் பார்த்து "நீங்க யாரு?" என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டு ஆள் என்று நினைப்பார்கள். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைப்பார்கள். இரண்டு பேரும் சேர்ந்து அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றுவார்கள். இங்கேயும் அதுதான் நடந்தது. வெள்ளை ஷூக்காரர் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சாருக்கு ஊறுகா வையுங்க" என்றார் சாலோமி டீச்சர், நாங்குநேரி விருந்தாளியை உபசரிக்கும் பணிவோடு.

"அதெல்லாம் வேண்டாம், எங்க வீட்டு நார்த்தங்கா இருக்கு. வாத்தியாரய்யா, இதச் சாப்பிட்டுப் பாருங்க" என்றார் ஞானசம்பந்தன் அண்ணாச்சி.

அவர் இரண்டையும் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டே, தான் வேலை பார்த்த கிடங்கின் கதையைச் சொன்னார். "இருவத்தெட்டு வருசம். ஒரு பெட்டி கணக்குல வித்தியாசம் வந்தது கெடையாது. ஒரு பெட்டி கொறைஞ்சா திருட்டு. அது எல்லாருக்கும் தெரியும். ஒரு பெட்டி கூடுனா? அதுதான் அதவிடப் பெரிய தப்பு. ஏன்னா வேற எவன் கிடங்குலயோ ஒண்ணு கொறையுது, அவனுக்கு அது இன்னும் தெரியல."

ஆசிரியர்கள் தலையாட்டினார்கள். நான் தாளில் நான்காவது கட்டத்தில் பதினொன்று என்று எழுதிவிட்டு, தள்ளிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்து பையிலிருந்த வாழைப்பழத்தை உரித்தேன்.

அவர் கை கழுவிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"நீ சாப்பிடலியா பிள்ள?"

"பசிக்கல சார்."

"பொய் சொல்லாத. பொட்டலம் ஒண்ணு கொறைஞ்சிட்டு." பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "நான்தான் கூட."

அவர் பெயர் தாஜ் முகம்மது. சவூதியில் தம்மாம் நகரத்தில் ஒரு கிடங்கில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு மூன்று மாதம் முன்புதான் ஒரேயடியாக ஊருக்கு வந்திருக்கிறார். காலையில் மனைவி அக்தர் பானுவோடு ஐந்து மணி வேனில் ஏறியிருக்கிறார். அதாவது, அப்ராரின் வேனில்.

"அப்ப உங்கள விட்டுட்டுப் போயிட்டானா?" என்றேன். வாழைப்பழம் கையிலிருந்து விழுந்துவிட்டது.

"அவன் எங்க விட்டான்? நான்தான் இருந்துக்கிட்டேன். மூணாவது அறையில போயி உக்காந்தேன். நல்ல குளிர்ச்சி. ஒரு சத்தம் இல்ல. அடுத்த வேன் வரும்னு அந்தப் பையனே சொல்லியிருந்தான். அப்படியே டார்ச்ச அமத்திட்டேன்."

"உங்க வீட்டம்மா தேடமாட்டாங்களா?"

அவர் வாய்க்காலைப் பார்த்தார். "இருவத்தெட்டு வருசம் போன்லயே குடும்பம் நடத்துனோம் பிள்ள. அவ்வளவு ஒத்துமை. ஊருக்கு வந்த மறுநாளு மசாலா டப்பாவெல்லாம் தேதிவாரியா அடுக்கி, மூடியில சீட்டு ஒட்டிக் கொடுத்தேன். அன்னையிலேர்ந்து பேச்சு வளந்துக்கிட்டே போவுது. இன்னைக்கு மலை ஏறும்போது மட்டும் பதினாலு தடவ 'பாத்து வாங்க'ன்னா. நான் பதினஞ்சு தடவ 'எனக்குத் தெரியும்'னேன். ரெண்டு பேருக்கும் ஒரு நாளு லீவு வேணும்."

அப்புறம் கும்பிடாத குறையாகச் சொன்னார். "என்னைய எழுதாத. வண்ணார்பேட்டையில பைய எறங்கிப் போயிருதேன். ஒனக்கும் பதினொண்ணுன்னே இருக்கட்டும்."

அவர் சொன்னது எவ்வளவு வசதியான யோசனை என்பது எனக்கு உடனே புரிந்தது. ஐந்தாவது கட்டத்திலும் பதினொன்று எழுதினால் என் தாள் சுத்தமான தாள். உண்மையை எழுதினால் மூன்றாவது, நான்காவது கட்டங்களை அடித்து எழுத வேண்டும். அடித்த தாளுக்கு வேலை இல்லை. ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஆதார் அட்டைகள் இருக்கின்றன.

எல்லோரையும் ஏற்றிவிட்டு வேனில் ஏறினேன். அவர் கடைசி சீட்டில் காலிப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அம்பாசமுத்திரம் தாண்டியபோது போனில் சிக்னல் வந்தது. அப்ராரைக் கூப்பிட்டேன்.

"என்ன கணக்குப்பிள்ள? யாரையும் தொலைச்சிட்டியா?"

"ஒன் வேன்ல எத்தன பேரு?"

"பன்னெண்டு. எப்பவும் பன்னெண்டு. நீ என்ன சூப்பர்வைசரா?"

"எண்ணுனியா?"

"எண்ணாமலா? பதினோரு பேரு ஆதிச்சநல்லூருல தாழி பாத்துக்கிட்டு இருக்காவ. ஒருத்தரு மட்டும் பின் சீட்டுல தூங்குதாரு. மலை ஏறுனதுல அசந்துட்டாரு பாவம். மூஞ்சில தொப்பியப் போட்டு, சால்வையப் போத்தி அவிய வீட்டம்மாவே படுக்க வச்சிருக்காவ."

"அப்ரார், போயி அந்தத் தொப்பியத் தூக்கிப் பாரு."

"ஏன், தூங்குறவர எழுப்பி அண்ணாச்சிகிட்ட என்னையப் பத்திக் கொறை சொல்ல வைக்கவா? நீ ஒன் வேலையப் பாரு."

"சரி" என்றேன். "நல்லாத் தூங்கட்டும். அவிய வீட்டம்மாகிட்ட போனக் குடு."

எதற்கு என்று கேட்டுவிட்டுக் கொடுத்தான். நான் மெதுவாக, யார் பேசுகிறேன் என்பதையும், அவருடைய கணவர் எங்கள் வேனில் பத்திரமாக இருக்கிறார் என்பதையும் சொன்னேன். பயந்துவிடுவாரோ என்று நினைத்தேன்.

"சாப்ட்டாவளா?" என்றார் அக்தர் பானு அம்மா.

"சாப்ட்டாங்க அம்மா."

"மாத்திர?"

பின்னால் திரும்பி மாத்திரை என்று வாயசைத்தேன். தாஜ் முகம்மது சட்டைப்பையைத் தட்டிக் காட்டித் தலையாட்டினார். "போட்டாச்சாம்."

"அப்பச் சரி. பைய கூட்டிட்டு வா மகளே. அவசரமே இல்ல." அப்புறம் குரலை உயர்த்தி, பக்கத்தில் நிற்கும் அப்ராருக்குக் கேட்கும்படி, "ஒண்ணுமில்ல தம்பி, அவிய நல்லாத் தூங்குதாவளான்னு அந்தப் பிள்ள சும்மா வெசாரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

ஆதிச்சநல்லூரில் நாங்கள் இறங்கியபோது அவர்கள் வேன் போய்விட்டிருந்தது. கண்ணாடித் தளத்தின் மேல் நின்று, காலுக்குக் கீழே குழிக்குள் சாய்ந்து கிடக்கும் தாழிகளைப் பார்த்தோம். என் குறிப்பில் ஒரு பக்கம் முழுக்க இதைப் பற்றி எழுதி வைத்திருந்தேன். பாதி படித்திருப்பேன். பக்கத்தில் சாலோமி டீச்சர் ஞானசம்பந்தன் அண்ணாச்சியிடம் சொல்வது காதில் விழுந்தது.

"உங்க மச்சினரு நல்ல விசயம் தெரிஞ்சவரு."

"எந்த மச்சினன்? எனக்கு மச்சினனே கெடையாதே."

"அந்த வெள்ள ஷூ."

"அவரு உங்க கூட வந்த ஆளுல்லா?"

"எங்க கூடவா? நாங்க ஆறே பேருதான். என் கையால எண்ணித்தான் கூட்டிட்டு வந்தேன்."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். தாஜ் முகம்மது ஒரு தாழியை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினார். குனிந்து கிட்டத்தட்டத் தரையிலேயே முகத்தை வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் நானே கதையைச் சொன்னேன். மசாலா டப்பா வரைக்கும் சொன்னேன். கண்ணாடித் தளம் அதிரும்படி சிரித்தார்கள்.

"அதுக்குத்தான் நார்த்தங்காய அப்படி தின்னாரோ" என்றார் ஞானசம்பந்தன் அண்ணாச்சி. "ஏ பிள்ள, எங்க ஆளுன்னே எழுதிப் போடு. மச்சினன் இல்லாத கொறை தீரட்டும்."

"எழுதவே வேண்டாம்" என்றார் இன்னொரு ஆசிரியர். "பதினொண்ணுன்னா பதினொண்ணு. நாங்க யாரும் சொல்ல மாட்டோம்."

சாலோமி டீச்சர் மட்டும் என் பக்கத்தில் வந்தார். என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். கணக்கு டீச்சர்களுக்கே உரிய முறையில், தவறு இருக்கும் கட்டத்தில் கண்ணை நிறுத்தினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"சார்" என்று தாஜ் முகம்மதுவைக் கூப்பிட்டேன். "ஒரு பெட்டி கூடுனா என்னன்னு சொன்னிய?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "அது பெட்டி பிள்ள. நான் மனுசன்."

"வேற எவன் கிடங்குலயோ ஒண்ணு கொறையுது, அவனுக்கு இன்னும் தெரியலன்னு சொன்னிய. அவனுக்குத் தெரியல சார். போன்ல சொன்னாலும் கேக்க மாட்டேங்கான்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். இருபத்தெட்டு வருடக் கிடங்குக்காரருக்கு எதிராக அவருடைய சொந்தப் பேச்சே வந்து நின்றால் என்ன செய்வார்? "சரி, எழுது" என்றார். "ஆனா கையெழுத்து நல்லா எழுது. தப்பா எழுதுனாலும் அழகா எழுதணும்."

மூன்றாவது கட்டத்தை ஒரே கோடாக அடித்துப் பன்னிரண்டு என்று எழுதினேன். நான்காவதையும் அப்படியே. ஐந்தாவதில் பன்னிரண்டு. நின்றபடியே எழுதியதில் மூன்றாவது கட்டத்துப் பன்னிரண்டு, இருபது மாதிரி தெரிந்தது. அதை மறுபடி அடித்து எழுதினேன்.

அண்ணாச்சியின் அலுவலகத்துக்கு ஆறு மணிக்கு வந்து சேர்ந்தோம். அப்ராரின் வேன் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. வழியில் அல்வா வாங்க நிறுத்தியதில் அவர்களுக்கு நேரமாகிவிட்டதாம். பயணிகள் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு புர்கா போட்ட ஒரு அம்மா மட்டும் நாற்காலியில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் அல்வாப் பொட்டலம். அதிலிருந்து அவரே கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டிருந்தார்.

எங்கள் வேனிலிருந்து இன்னும் யாரும் இறங்கவில்லை. நான் தாளோடு முதலில் போனேன். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அப்ராரின் தாளில் ஐந்து பன்னிரண்டுகள், அச்சடித்தாற்போல். என் தாள், கோழி நடந்த தாள்.

"ஏட்டி, பதினொண்ணு, பதினொண்ணு, அப்புறம் என்ன இது, இருவதா?"

"பன்னெண்டு அண்ணாச்சி."

"எண்ணத் தெரியலன்னா வெரல விட்டாவது எண்ணக் கூடாதா?" அப்ராரின் தாளைத் தூக்கிக் காட்டினார். "பாரு, இது தாளு."

அப்ரார் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சிரித்தான். ஆனால் அண்ணாச்சி அந்தத் தாளைக் கீழே வைக்கவில்லை. இரண்டின் கடைசிக் கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு அசைந்தது.

"பொறு. காலையில போனது இருவத்தி மூணு பேரு. வந்தது இருவத்தி நாலா? யாருலே அந்த ஆளு? வழியில எவளும் பெத்துட்டாளா?"

அப்போது எங்கள் வேனின் கதவு திறந்து வெள்ளை ஷூ ஒன்று கீழே இறங்கியது. அதைத் தொடர்ந்து தாஜ் முகம்மது.

அப்ரார் அவரைப் பார்த்தான். தன் வேனைப் பார்த்தான். மறுபடி அவரைப் பார்த்தான். "அப்ப பின் சீட்டுல தூங்குறது யாரு?" என்று கேட்டுவிட்டு ஓடினான். எல்லோரும் அவன் பின்னால் போனோம். கடைசி சீட்டில் சால்வை போர்த்திய உருவம் அசையாமல் கிடந்தது. அப்ரார் இரண்டு விரலால் மஞ்சள் தொப்பியைத் தூக்கினான். கீழே இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். சால்வைக்குள் ஒரு பயணப்பை, அதற்குக் கால் மாதிரி ஒரு குடை.

"தொப்பி என்னுது" என்றார் அக்தர் பானு அம்மா பின்னாலிருந்து. "முக்காட்டுக்கு மேல எனக்கு எதுக்கு? சும்மாதான இருந்துது."

அப்புறம் கணவரைப் பார்த்தார். கணவர் அவரைப் பார்த்தார். நாங்கள் பெரிய சண்டையை எதிர்பார்த்தோம்.

"தூங்குனியளா?"

"முக்கா மணி நேரம். நல்ல குளிர்ச்சி. நீ?"

"தாழி எல்லாம் பாத்தேன். ஒருத்தரும் குறுக்க பேசல." அல்வாப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினார். "சாப்பிடுங்க. தேதி பாக்காண்டாம், இன்னைக்கு வாங்குனதுதான்."

தேவசிகாமணி அண்ணாச்சி இன்னும் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் நோட்டீசு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்து அப்ராரின் தாளை நான்காக மடித்தார்.

"ஏலே, ஒன் தாளு சுத்தம். ஆளத்தான் காணோம். இவ தாளு அசிங்கம். ஆளு இருக்கு." என் பக்கம் திரும்பினார். "ஆனா நீயும் ரெண்டு தடவ பொய் எழுதியிருக்க. அதையும் நீயே காட்டிக் குடுத்திருக்க. ஒன்னைய வச்சு நான் என்ன செய்ய? வேலைக்கு வா. அடிக்கிற பழக்கத்த விடாத."

நன்றி என்று சொன்னேனா என்பதுகூட இப்போது நிச்சயமில்லை. அப்ரார் குடையைக் கையில் பிடித்தபடி நின்றான். அவன் சிரிப்பில்லாமல் நிற்பதை ஆறு மாதத்தில் அன்றுதான் பார்த்தேன். மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவ்வளவாக இல்லை.

"அண்ணாச்சி" என்றார் தாஜ் முகம்மது. "அடுத்த மாசமும் எங்களுக்கு ரெண்டு டிக்கெட்டு போடுங்க. தனித்தனி வேன்ல. எனக்கு இந்தப் பிள்ள வேன். நான் ஒளிஞ்சாலும் எண்ணிப்புடும்."

"எனக்கு அந்தத் தம்பியோட வேன்" என்றார் அக்தர் பானு அம்மா. "நல்ல பையன். சொன்னா நம்புவான்."

"எங்க ஆறு பேருக்கும் போடுங்க" என்றார் சாலோமி டீச்சர். "எந்த வேன்ல யாரு ஏறினாலும் கணக்க நான் பாத்துக்கிடுதேன்."

ஞானசம்பந்தன் அண்ணாச்சி தன் புது மச்சினனைத் தோளில் தட்டி, நார்த்தங்காய் ஒரு பாட்டில் கொண்டுவருவதாகச் சொன்னார். தேவசிகாமணி அண்ணாச்சி அத்தனை பேரையும் பார்த்தார். மடித்த தாளை மறுபடி பிரித்தார். ஒரே வழிகாட்டியை வைத்துக்கொண்டு இரண்டு வேன் ஓட்ட முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

"ஏலே அப்ராரு, நீயும் வா. மொதல்ல மூணு மாசம் ரெண்டு வேனும் ஒண்ணாப் போகட்டும், இவ எண்ணுவா, நீ பேசு. ஆனா சொல்லிட்டேன், இருவத்தி மூணு போனா இருவத்தி மூணுதான் வரணும். கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."

எல்லோரும் போன பிறகு அப்ரார் என்னைப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போய் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். மதியம் வாழைப்பழமும் விழுந்துவிட்டதை அவனிடம் சொல்லியிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் கடைக்காரர் எத்தனை என்று கேட்டார். "அவளுக்கு நாலு, எனக்கு ரெண்டு" என்றான் அப்ரார்.

"ஒனக்கு மூணு" என்றேன்.